அம்மனைத் திருப்பிய துப்பாக்கித் தூண்

கேமரன் மலைக்குப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஸ்ட்ராபெரி வாங்கிவரச் சொன்னார்கள். நான் போனது ஓர் இரும்புத் தூணைப் பார்க்க. அதைச் சொன்னால் என்ன தூண் என்பார்கள். விமானத்தைச் சுடும் துப்பாக்கியின் தூண் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எதற்கு வம்பு, ஸ்ட்ராபெரிதானே, ஆகட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். வயதாகிவிட்டது, போதும் என்று விற்றேன். விற்ற பிறகுதான், காலையில் எழுந்தால் போவதற்கு மனிதனுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது உறைத்தது. உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் உலகப்போர்க் காலத்து ராணுவ லாரி ஒன்று கிடந்தது. லாரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; துருவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, அன்றிலிருந்து அதோடு மல்லுக்கு நிற்கிறேன். இன்ஜின் ஓடுகிறது. பாடி கட்டியாயிற்று. பாக்கி அந்தத் தூண் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் இப்படிச் சில லாரிகளின் பின்தட்டில் ஒரு தூணை போல்ட் போட்டு நிறுத்துவார்கள். அதன் தலையில் துப்பாக்கி உட்காரும். ஆள் நின்றபடியே அதை நாலு திசைக்கும் சுற்றி வானத்தைப் பார்த்துச் சுடுவான். துப்பாக்கி எனக்கு வேண்டாம், அது போலீஸ் விவகாரம். தூண் போதும். பழைய படங்களைப் பார்த்து நானே ஒன்று கடைந்தேன். சுற்றினால் திக்கித் திக்கிச் சுற்றியது. கழற்றி மறுபடியும் கடைந்தேன். மறுபடியும் அதே கதை. லேத்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது.

வீட்டில் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூட ஆள் இல்லை. மனைவி கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவம் பார்க்க ஆறு மாதம் என்று போனவள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சண்டையெல்லாம் எதுவும் இல்லை. மகள் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஊர்க் குளிரும் இவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, அதுதான் இதில் கஷ்டம்.

பழைய ராணுவ வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. உலகம் முழுக்க என் மாதிரி ஆட்கள். அதில் ஒருவர் மலேசியா சுற்றுலாவில் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் திருவிழா, லாரிமேல் மாரியம்மன். படத்துக்குக் கீழே எல்லோரும் அம்மனுக்குக் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அம்மனின் காலடியை, பூச்சரத்துக்குக் கீழே பார்த்தேன். மூன்று விலா வைத்த இரும்புத் தூண். தலையில் கிண்ணம். இத்தனை நாளாக நான் காகிதத்தில் மட்டுமே பார்த்த சாமான் அங்கே அம்மனைத் தூக்கிக்கொண்டு நின்றது.

படம் எடுத்தவர் மூலமாகத் தோட்டத்துக் கோயிலின் பொருளாளர் மணியம் என்பவரின் தொடர்பு கிடைத்தது. வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். திருவிழாவுக்கு முந்தியே வாருங்கள் என்று பதில் வந்தது. ஏன் முந்தியே என்பது போன பிறகுதான் தெரிந்தது.

வால்பாறை ரோட்டில் பழகியவனை வளைவு என்ன செய்துவிடும் என்ற மிதப்பில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மலை பஸ்ஸில் உட்கார்ந்தேன். பாதி மலையில் என் முகம் போன போக்கைப் பார்த்து, பக்கத்து சீட்டு மலாய்க்காரப் பெண்மணி பேசாமல் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். அடுத்த வளைவிலேயே அது உபயோகப்பட்டது. பிறகு ஒரு புளிப்பு மிட்டாயும் கொடுத்தார். தானா ராத்தாவில் இறங்கும்போது நன்றி சொல்லத் திரும்பினேன், அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் கடை. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம் என்றார், அவர் போனதில்லையாம். ரொட்டி சானாய் வைத்தார். நம்ம ஊர் வீச்சுப் பரோட்டாவின் மெலிந்த தம்பி, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. கண்ணுக்கு எட்டியவரை தேயிலை விளைகிற ஊரில் டீயில் டப்பாப் பாலை ஊற்றி, ஓர் ஆள் உயரத்துக்கு ஆற்றிக் கொடுக்கிறார்கள். தே தாரேக் என்று பெயர். தேயிலை வாசனை தவிர மற்றதெல்லாம் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குளிருக்கு அது தேவாமிர்தம்தான். குடும்பம் வரவில்லையா என்று பாய் கேட்டார். அடுத்த தடவை கூட்டி வருகிறேன் என்றேன். வெளியூரில் இதைச் சொல்லிப் பழகிவிட்டது.

மணியம் பழைய லேண்ட்ரோவரில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, தொப்பி போட்ட, சிரித்த முகக்காரர். தோட்டத்து லாரி டிரைவர். வழியெல்லாம் லேண்ட்ரோவர்கள்தான். எங்கள் ஊரில் ஒன்று கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம். இங்கே கதவில்லாமல், பானெட்டைக் கயிற்றால் கட்டி, முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. நான் ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. மணியம் பாதி வழியில் கேட்டேவிட்டார். வண்டிக்கு அங்கே கெரெட்டா என்று பெயர்.

"கெரெட்டாவ இப்பிடி பாக்குறீங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு சார்."

தங்குவதற்குத் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசியில் கிராணி வீட்டைத் திறந்துவிட்டார்கள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை. அந்த வேலையே இப்போது டவுன் ஆபீசுக்குப் போய்விட்டதால் வீடு வெகுகாலமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓர் இரும்புக் கட்டில், நீலச் சாயம் அடித்த ஜன்னல், கம்பளி மூன்று. மழை தகரத்தில் கொட்டியது. ஊருக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். கனடாவில் அவர்கள் எழுந்திருக்கும் நேரம் ஆகவில்லை. ஊரில் என் வீட்டுக்குப் போட்டால் எடுக்க ஆள் இல்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

காலையில் பனிமூட்டம் விலகியபோதுதான் இடம் புரிந்தது. மேட்டில் ஒரே ஒரு தார் ரோடு, ஒரு லாரி போகிற அகலம். இரண்டு பக்கமும் வீட்டு வரிசை. ரோடு கிராணி வீட்டு வாசலோடு முடிகிறது. திரும்ப இடமில்லை, ஏறிய வண்டி பின்னாலேயே இறங்கவேண்டும். கீழே வளைவில் கோயில். பாதி வீடுகளில் நேபாளிகளும் வங்காளதேசத்துக்காரர்களும் இருக்கிறார்கள். தேயிலையைக் கிள்ளுவது போய், இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துச் செடிமேல் ஓட்டுகிற வெட்டு மிஷின் வந்துவிட்டது. அதன் சத்தம்தான் இங்கே கோழி கூவுவது.

கோயில் கொட்டகையில் லாரி நின்றது. பின்தட்டில் நம்ம ஆள்.

தொட்டுப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்து மஞ்சளும் குங்குமமும் பெயின்ட்டும் ஏறி, அடியில் இரும்பு எங்கே என்று தேடவேண்டியிருந்தது. ஆனால் அதேதான். சண்டை முடிந்த பிறகு ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றைத் தோட்டத்துத் துரை வாங்கினாராம். துப்பாக்கியை எடுத்துவிட்டுத் தூணை விட்டுவிட்டார்கள். அந்த லாரி மக்கிப்போனது. தூண் மட்டும் அடுத்த லாரி, அதற்கடுத்த லாரி என்று மாறி மாறி வந்துவிட்டது. காரணத்தை மணியம் சொன்னார். திருவிழாவில் அம்மன் ஒவ்வொரு வீட்டு வாசலையும் நேராகப் பார்த்துத் தட்டு வாங்கவேண்டும், அதுதான் இந்தத் தோட்டத்து வழக்கம். ரோட்டில் லாரி திரும்பாது. ஆகவே லாரி நேராகப் போக, அம்மன் தூண்மேல் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று திரும்பிக்கொண்டே போவாள். விமானத்தைத் தேடிச் சுற்றியது வீடு வீடாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. யாருக்குத் தோன்றியதோ, அந்த ஆளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"முன்னெல்லாம் ஒரு ஆளு சுத்துவான் சார்" என்றார் மணியம். "அப்பறம் ரெண்டு ஆளு. அப்பறம் பைப்பு சொருகி நாலு பேரு தொங்குனோம். இப்ப ரோசாக் லா. அசைய மாட்டேங்குது."

கெட்டுப்போனது எதுவானாலும் அங்கே ரோசாக்தான், பேச்சின் கடைசியில் ஒரு லாவும் உண்டு. அம்மன் வலது பக்கம் பார்த்தபடி இறுகிவிட்டாள். அதிலிருந்து வலது வரிசைக்கு முகம், இடது வரிசைக்கு முதுகு. இடது வரிசைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வருஷம் மணியம் ஒரு யோசனை செய்தார். முதலில் லாரியை நேராக ஏற்றி வலது வரிசையை முடித்து, கீழே இறங்கி, பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றினால் இடது வரிசைக்கு முகம் வந்துவிடும் அல்லவா? கணக்கு சரிதான். பாதி மேட்டில் பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கி, அம்மன் சாய்ந்து, மேளக்காரர் ஓடிப்போய்த் தாங்கிப்பிடித்தார். அன்றோடு பின்பக்கமாக ஏற்றுவதைக் கோயில் கமிட்டி தடை செய்துவிட்டது. மணியம் இதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கமிட்டி எனக்கு ஒரு பேரம் வைத்திருந்தது. இந்தத் திருவிழாவுக்கு மட்டும் தூணைச் சுற்ற வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் மோட்டார் வைத்த புது ரதம் வருகிறது. திருவிழா முடிந்ததும் தூணைக் கழற்றி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். அளவெடுக்க வந்தவனுக்கு அசலே கிடைக்கிறது.

அன்று மாலை லெட்சுமி வந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், தோட்டத்தில் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இடது வரிசையில் வீடு. சோறும் கருவாட்டுச் சம்பலும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த உறைப்புக்கு என் கண்ணில் தண்ணீர் வந்ததை ரசித்துப் பார்த்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்த விஷயத்தைப் பேசினார். அவர் கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கோயிலுக்குப் படி இறக்கிக் கூட்டிப்போக முடியாது. கட்டிலை வாசலுக்கு நேராகப் போட்டிருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் வாசலுக்கு வருவதை அவர் படுத்தபடி பார்க்கலாம் என்று.

"முதுக காட்டிட்டுப் போறா சார். இவரு என்னைய கேக்குறாரு, நாம என்னா தப்பு செஞ்சோம்னு. நான் என்னா சொல்லட்டும்?"

சுற்றவைத்துவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புது ரதத்தை டவுனில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அது இந்த ரோட்டில் நுழையாதாம், கீழே பெரிய ரோட்டிலேயே நிற்குமாம்.

"இந்த வருசம் பாப்பாரு. அடுத்த வருசம் நீங்க கழட்டிட்டுப் போயிருவீங்க தானே?"

"ஆமாங்க" என்றேன். பாத்திரத்தைக் கழுவக்கூட விடாமல் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் தூணைப் பிரிக்க உட்கார்ந்தேன். அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வெந்நீர் ஊற்றி, மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் கெஞ்சினேன். சாயங்காலம் தலைக் கிண்ணம் ஒரு முனகலோடு மேலே வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பேரிங் குண்டுகளைக் காணோம். மஞ்சள் நிறத்தில் மைசூர்பாகு மாதிரி ஒன்று இறுகிக் கிடந்தது. குத்திக் குத்தி எடுத்தால் உள்ளே அரிசி, செம்பருத்திக் காம்பு, எலுமிச்சை விதை.

விசாரித்ததில் வெளிவந்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அம்மனுக்கு அபிஷேகம் ஆனதும், அவளைத் தாங்குகிற இரும்புக்கும் ஒரு சொம்பு பால், மஞ்சள் தண்ணீர், கடைசியில் நல்லெண்ணெய். நல்லா சுத்தட்டும் என்று அன்போடு ஊற்றியிருக்கிறார்கள். கிரீஸ் ஏன் போடவில்லை என்று கேட்டதும் கோயில் பண்டாரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பூசை செய்கிற அவர் மெலிந்த, கோபக்காரர்.

"எண்ண ஊத்தலாம், கிரீஸ் ஆவாது. மாட்டுக் கொழுப்பு கலந்திருப்பான். ஆத்தா உக்கார்ற எடம் இது."

கலப்பதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பல கிரீஸ்களைக் கெட்டியாக்க ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்ததைத்தான் போடுகிறார்கள். ஆனால் மணியம் கொண்டுவந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய முடியாது. பண்டாரத்திடம் விளக்கெண்ணெய் ஆகுமா என்று கேட்டேன். அது ஆகும் என்றார். அந்தக் காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டதுதானே, போதும் என்று முடிவு செய்தோம். கூடவே பூட்டுக்குப் போடுகிற கிராஃபைட் தூள் கொஞ்சம் கலந்தால் வழுக்கும். ஆனால் ஒன்று, விளக்கெண்ணெயும் நாளானால் கெட்டியாகும். வருஷா வருஷம் பிரித்துத் துடைத்தால்தான் பிழைக்கும். இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

குண்டுகளில் சில அம்மை போட்ட மாதிரி குழிந்திருந்தன. மாற்றுக் குண்டு தேடி ஒரு காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு கம்போங் ராஜா என்ற ஊருக்குப் போனேன். மலை முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். குன்னூர்க்காரன் பார்த்தால் மயங்கி விழுவான். ரோட்டோரத்தில் ஒரு சீனர், லேண்ட்ரோவர் ரிப்பேர் கடை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேசியது எதுவும் தெரியாது. கையில் இருந்த குண்டைக் காட்டினேன். வாங்கி, விரலிடுக்கில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே போய் ஒரு பால் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். நூறு விதக் குண்டுகள். இரண்டு பேரும் தரையில் குந்தி உட்கார்ந்து, மைக்ரோமீட்டரை மாற்றி மாற்றி வாங்கி, சரியானதைப் பொறுக்கினோம். ஒரு வார்த்தை பேச்சில்லை. அவ்வளவு நிம்மதியாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து எத்தனையோ நாளாகிவிட்டது. எழுந்தபோது முட்டி வலித்ததைப் பார்த்துச் சிரித்தார், அவருக்கும் வலித்திருக்கிறது.

திரும்பும் வழியில் பிரிஞ்சாங் டவுனில் வார இறுதி நெரிசல். கார்கள் நகரவில்லை. லாரிக்காரர் இறங்கி இரவுச் சந்தையில் வேகவைத்த சோளம் வாங்கிக்கொண்டுவந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். முன்னால் ஒரு காரில் அப்பா, அம்மா, பிள்ளைகள், பின்கண்ணாடி முழுக்க ஸ்ட்ராபெரி பொம்மை. அவர்கள் உள்ளே என்னவோ சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

குண்டுகளைப் போட்டு, கிண்ணத்தை மேலே வைத்து, விரலால் தள்ளினேன். சுற்றியது. தானாக நிற்கும்வரை சுற்றியது. என் தூண் ஏன் திக்கியது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் காற்றுப் புகாதபடி அவ்வளவு கச்சிதமாகக் கடைந்திருந்தேன். இதில் கிண்ணம் லேசாக ஆடுகிறது; சேறும் மணலும் போனாலும் சுற்றட்டும் என்று வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கிறார்கள். பட்டறை வைத்த காலமெல்லாம் ஆட்டம் இருந்தால் தூக்கிப்போட்டவன் நான். அளவெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

சந்தோஷத்தில் கனடாவுக்கு வீடியோ போன் போட்டேன். மனைவி எடுத்தாள். பின்னால் பேரன் ஷூ மாட்டமாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தான். தூணைச் சுற்றிக் காட்டினேன். "நல்லா சுத்துதுங்க. பஸ் வந்துருச்சு, அப்பறம் பேசறேன்" என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. நான் கிண்ணத்தை இன்னொரு தரம் சுற்றிவிட்டு, அது நிற்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.

திருவிழா அன்று வெயில் அடித்தது, இங்கே அதுவே அதிசயம். அம்மனைச் சுற்றிப் பழகிய ஆட்களில் மிச்சம் மணியம்தான், அவர் லாரி ஓட்டவேண்டும். பிரித்துப் பூட்டியவரே சுற்றட்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. குளித்து, வேட்டி கட்டி, லாரியின் பின்தட்டில் அம்மனின் முதுகுப் பக்கம் உட்கார்ந்தேன். பண்டாரம் முன்னால் நின்றார். மேளம் ஆரம்பித்தது. லாரி ஊர்ந்தது.

சுற்றுகிறவனுக்கு அம்மனின் முகம் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவள் பின்னலும் மாலையின் முடிச்சும்தான். ஆனால் எதிரே நிற்கிறவர்கள் முகம் ஒவ்வொன்றும் தெரிந்தது. வலது வீட்டுக்குத் திருப்பினேன், கும்பிட்டார்கள். இடது வீட்டுக்குத் திருப்பினேன், வாசலில் நின்ற பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டார். நேபாளிக் குடும்பம் ஒன்று பூவும் பொட்டுமாக நின்றது. வங்காளதேசத்துப் பையன்கள் மரியாதையாக ஓரமாக நின்று போனில் படம் எடுத்தார்கள். பூட்டிக் கிடந்த வீடு ஒன்றைத் தாண்டிப்போகப் பார்த்தேன். மணியம் வண்டியை நிறுத்திவிட்டு, அதற்கும் திருப்பச் சொன்னார். ஆள் இல்லாவிட்டாலும் வீடு இருக்கிறதாம். பண்டாரம் ஒவ்வொரு வாசலிலும் வீட்டில் யார் யார் என்று கேட்பார். பெயரும் நட்சத்திரமும் சரசரவென்று வரும். அப்பா, அம்மா, பிள்ளைகள், கோலாலம்பூரில் இருக்கிற மகன், சிங்கப்பூர் மருமகள், வயிற்றில் இருக்கிற குழந்தை வரைக்கும்.

லெட்சுமியின் வீடு வந்தது. கட்டிலை வாசல்படிவரை இழுத்துப் போட்டிருந்தார். அவர் கணவர் தலையணைமேல் சாய்ந்திருந்தார், ஒரு பக்க முகம் தொங்கியிருந்தது. நான் மெல்லத் திருப்பினேன். சத்தமே இல்லாமல் அம்மன் அவர் பக்கம் வந்து நின்றாள். அவர் நல்ல கையைத் தூக்கிக் கும்பிடப் போனார், மற்ற கை வரவில்லை. லெட்சுமி அந்தக் கையைத் தூக்கிச் சேர்த்துவைத்தார். அவர் என்னவோ சொன்னார். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. லெட்சுமி நிமிர்ந்து அம்மனைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரோடு முடிகிற இடத்தில் கிராணி வீடு. முடிந்தது என்று கையைத் துடைத்தேன். மணியம் கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பின்னால் வந்தார்.

"இந்த வீடு யாரு பாக்குறது? எறங்கிப் போய் வாசல்ல நில்லுங்க சார். நான் சுத்துறேன்."

வேண்டாம் என்றேன். பின்னால் நின்ற கூட்டம் முழுக்க, போங்க போங்க என்றது. இறங்கி, போய் நின்றேன். கையில் தட்டு இல்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மணியம் ஒரு விரலால் தள்ளினார். அம்மன் திரும்பினாள். இத்தனை நாள் அவள் காலடியில் கிடந்தும் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன முகம், பெரிய கண்.

பண்டாரம் கேட்டார். "வீட்டுல யாரு யாரு?"

எல்லோரிடமும் சொல்கிற பதில் தொண்டைவரை வந்தது. மனைவி பெயர், மகள் பெயர், பேரன் பெயர் எல்லாம் சொல்லலாம், நட்சத்திரமும் தெரியும். ஆனால் அவர் கேட்டது வீட்டில் யார் என்று. அந்தக் கண் முன்னால் புளுக வாய் வரவில்லை.

"நான் மட்டும்தானுங்க" என்றேன்.

பண்டாரம் கொஞ்சம் தயங்கினார், கூட ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார்போல. பிறகு என் ஒருவன் பெயரை மட்டும் சொல்லி அர்ச்சனை செய்தார். மற்ற வீடுகளில் ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. கற்பூரம் காட்டினார். துண்டால் மூக்கைத் துடைத்தேன்.

மணியம் கீழே குதித்து என் பக்கத்தில் வந்து நின்றார். காலையில் ஸ்பேனர் கொண்டுவருகிறேன், தூணைக் கழற்றிச் சாக்கில் கட்டிவிடலாம் என்றார்.

வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், புது ரதம் கீழே பெரிய ரோட்டில் நிற்கட்டும், வீட்டு வாசலுக்கு அம்மன் இதிலேயே வரட்டும் என்றேன். என் லாரி என்ன ஆவது என்று கேட்டார். அளவு இருக்கிறது, நான் செய்துகொள்வேன் என்றேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லெட்சுமியின் முகம் மனதில் இருந்தது உண்மைதான். ஆனால் தூணை எடுத்துப் போய் மாட்டினால் வண்டி முடிந்துவிடும். முடிந்த மறுநாள் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்?

"ஆனா வருஷா வருஷம் இதப் பிரிச்சுத் துடைக்கணுமுங்க" என்றேன். "இல்லன்னா மறுபடியும் இறுகிப்போகும்."

"தொடைக்கத்தானே? ஒரு துணியும் எண்ணயும் போதும். நாங்களே செஞ்சிக்குவோம் லா."

"இல்லைங்க. அது உங்களுக்கு வராது. நான் வந்து செய்யறேன். ஒவ்வொரு வருஷமும் வந்துடறேன்."

குரல் கெஞ்சுகிற மாதிரி வந்தது, எனக்கே கேட்டது. மணியம் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லாரிப் பக்கம் நடந்துகொண்டே சொன்னார்.

"வாங்க லா சார். வீடு சும்மாதானே கெடக்கு."